யோபுவின் ஊற்று

கிர்கிஸ்தானின் தென்பால், பெர்கானாப் பள்ளத்தாக்கின் ஓரத்தே அமைந்தது ஜலாலாபாத் நகரம். பண்டைப் பட்டு வணிகர் போந்த வழியில் உள்ளது அது. சென்ற கோடை விடுமுறையில் யாம் அங்குச் சென்று, அயூப் மலையில் சுரக்கும் வெந்நீரூற்றுகளைக் கண்டோம்.

அயூப் என்பார் நம் வேதாகமத்து யோபுவே. அவர் காலால் நிலத்தை உதைக்க நீர் சுரந்ததென்று குர்ஆன் கூறும். அந்நீர் இதுவே என்பர் இவ்வூரார். புகாரா நகரத்தாரோ தம்மூரிலுள்ள ஊற்றைக் காட்டுவர். நம் வேதாகமத்திலோ ஊற்றைப் பற்றிய பேச்சே இல்லை.

வெண்கம்பளிக் குல்லாய் அணிந்த கிர்கிசியரும், பூவேலைக் குல்லாய் அணிந்த உஸ்பெக்கியரும் அருகருகே அமர்ந்து அந்நீரைப் பருகினர். கண்டு மகிழ்ந்தோம். ஆயினும் 2010ஆம் ஆண்டு ஜூன் திங்களில் இவ்விரு சாராரும் ஓஷ் நகரிலும் இந்நகரிலும் பகைத்துப் பொருதனர். 400க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஊற்று அன்றும் சுரந்துகொண்டுதான் இருந்தது! உடற்பிணிக்கு மக்கள் நாடும் நீர் உள்ளத்துப் பகையைக் கழுவவில்லை.

தம்மைச் சொல்லால் நோகச் செய்த நண்பர்க்காக யோபு மன்றாடியபோதே அவர்தம் வாழ்வு மீண்டதென்று வேதாகமம் கூறும். ஊற்றைச் சொல்லாத அந்நூல் மருந்தைச் சொல்லாமல் விடவில்லை.