ஒட்டுப்பழம்

எங்கள் வீட்டில் ஒட்டுப்பழம் சாப்பிடும் வழக்கம் இல்லை. வாழைச் சீப்பில் இரண்டு பழம் ஒட்டியிருந்தால் அம்மா பிய்த்து மாட்டுக்குப் போட்டுவிடுவாள். ஒட்டுப்பழம் தின்றால் ரெட்டைப் பிள்ளை பிறக்கும் என்ற நம்பிக்கை மரக்காணத்து உப்பளக் கரைக்கு மட்டும் சொந்தமில்லை. ஆனால் அதற்காகக் குற்றம் சுமந்த ஒருத்தியை நான் அறிவேன்.

1962 மாசியில் நான் பிறந்தேன். உப்பு வாரத் தொடங்கியிருந்த நாட்கள். எனக்கு அரைமணி முன்பாக ஒரு பெண் பிறந்திருந்தாள். அம்மாவுக்கு வயது முப்பத்தாறு. அது ஆறாவது பிரசவம். ஏழாம் மாதம்வரை பாத்தி மிதித்தவள். உள்ளே இரண்டு இருப்பது, முதல் குழந்தை வெளியே வந்த பிறகுதான் மருத்துவச்சிக்கே தெரிந்ததாம். பெண் மூன்றாம் நாள் இறந்துபோனாள். பெயர் வைக்கவில்லை. சவுக்குத் தோப்பு ஓரம் புதைத்தார்கள். அப்பாவைப் பெற்ற ஆயா சொன்னது ஒரே வாக்கியம்: "நாக்க அடக்கியிருந்தா இந்தச் சாவு இல்ல." அந்த வாக்கியம் எங்கள் வீட்டில் வெகுகாலம் இருந்தது.

நம் சினிமாவுக்கு இரட்டையர் ஒரு சௌகரியம். 1940-இல் பி. யு. சின்னப்பாவும் 1958-இல் சிவாஜி கணேசனும் இரட்டை வேடமிட்ட 'உத்தம புத்திரன்' முதல் இன்றுவரை, ஒருவன் எங்கோ வளர்ந்து சரியான சமயத்தில் வந்து நிற்பான். எங்கள் பக்கம் போனது வந்ததில்லை.

பின்னாளில் நான் படித்துத் தெரிந்துகொண்டது இது. ஒரே கருமுட்டை இரண்டாகப் பிரிந்து பிறக்கும் இரட்டையர் உலகமெங்கும் ஆயிரம் பிரசவத்துக்கு ஏறக்குறைய நான்கு. தேசம், இனம், உணவு எதுவும் இந்த எண்ணை அதிகம் அசைப்பதில்லை. ஏன் பிரிகிறது என்பதற்கு விஞ்ஞானத்திடம் இன்னும் தெளிவான பதில் இல்லை. மாறுவது மற்ற வகை. ஒரே மாதத்தில் இரண்டு முட்டைகள் முதிர்ந்து இரண்டும் கருவாவது. இது நைஜீரியாவின் யொரூபா மக்களிடையே மிக அதிகம், ஜப்பானில் மிகக் குறைவு. இந்தியாவும் குறைந்த பக்கமே. தாய்வழியில் வரலாம். பல பிள்ளை பெற்றவளுக்கு வாய்ப்புக் கூடுதல். முப்பதைத் தாண்டிய உடலில் முட்டையை முதிர வைக்கும் ஹார்மோன் அதிகமாகச் சுரக்கிறது. ஒன்றுக்குப் பதில் இரண்டு முதிர்கின்றன. ஆணும் பெண்ணுமாகப் பிறந்த நாங்கள் இந்த வகை. முப்பத்தாறு வயது, ஆறாவது பிரசவம். காரணம் தேட வாழைத்தோட்டத்துக்குப் போக வேண்டியதில்லை.

மலப்புரம் மாவட்டத்துக் கொடிஞ்ஞி கிராமம் இரட்டையருக்குப் பேர்போனது. இருநூறு ஜோடிக்கு மேல் எண்ணியிருக்கிறார்கள். அங்கேயும் ஆராய்ச்சிகள் நடந்தன, காரணம் பிடிபடவில்லை. காரணம் தெரியாத இடத்தில் சும்மா இருக்க மனிதனுக்கு முடிவதில்லை. எங்கள் ஆயாவுக்கும் முடியவில்லை.

இன்று உலகில் இரட்டைப் பிரசவம் பெருகியிருக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் ஆயிரத்துக்கு ஒன்பதாக இருந்தது, 2010-15-இல் பன்னிரண்டு. வருஷத்துக்குப் பதினாறு லட்சம் ஜோடி. பெண்கள் தாமதமாகப் பிள்ளை பெறுவது ஒரு காரணம். இன்னொன்று மருத்துவம். 1978-இல் இங்கிலாந்திலும், சில மாதங்களில் கல்கத்தாவில் சுபாஷ் முகர்ஜி கையிலும் சோதனைக் குழாய்க் குழந்தைகள் பிறந்தன. ஒன்றாவது தங்கட்டும் என்று இரண்டு மூன்று கருக்களைக் கருப்பையில் வைத்தார்கள். பல சமயம் எல்லாமே தங்கின. அபாயம் உணர்ந்து பல நாடுகள் இப்போது ஒன்றோடு நிறுத்திக்கொள்கின்றன. முட்டையைத் தூண்டும் குளோமிபீன் மாத்திரையில் கருத்தரிப்பவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு இரட்டை.

என் அக்கா மகள் அந்த மாத்திரைதான் சாப்பிட்டாள். 1999-இல் பாண்டிச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் அவளுக்கு இரண்டு பெண்கள், நாளுக்கு முன்பே பிறந்தன. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். எழுபத்து மூன்று வயது அம்மாவை அழைத்துப்போனேன். குழந்தைகளை உற்றுப் பார்த்துவிட்டு நர்ஸிடம் கேட்டாள்:

"இதுல எது நிக்கும்?"

நர்ஸுக்கு முதலில் புரியவில்லை. பிறகு, "ரெண்டுந்தான் ஆயா" என்றாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். வயதை, பிரசவ எண்ணிக்கையை, இரண்டு முட்டையை. எனக்குத் தெரிந்த பாஷையில் சொன்னேன். ஒரு தீர்ப்பைத் திருத்துகிற தோரணை அதில் இருந்திருக்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே உப்பளம் வரத் தொடங்கியிருந்தது.

"அப்ப பழத்தால இல்லியா?"

"இல்லம்மா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "நான் அந்தப் பழத்தத் தின்னவே இல்லப்பா."

முப்பத்தேழு வருஷம் இதை யாரிடமும் சொல்லவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். தின்னாதவள் ஏன் எங்கள் கையிலிருந்து ஒட்டுப்பழத்தைப் பிடுங்கினாள் என்பதையும் நானாகத்தான் யூகித்துக்கொள்கிறேன். அவள் பெண்களுக்கு அந்த வாக்கியம் கிடைக்கக் கூடாது.

அக்கா மகளின் இரண்டு பெண்களும் வளர்ந்து வேலைக்குப் போகிறார்கள். எத்தனை பிள்ளை என்று யார் கேட்டாலும் அம்மா கடைசிவரை ஏழு என்றே சொன்னாள். ரேஷன் கார்டில் ஆறு.