சாம்பலா, நீலமா?

பிள்ளைகள் தமிழ் வகுப்பில் உயிரும் மெய்யும் பயிலும் சனிக்கிழமைக் காலைகளில், பெற்றோராகிய நாங்கள் நால்வர் பழைய மொறிஸ் மைனர் வண்டி ஒன்றைப் புதுப்பித்து வருகிறோம். 1948 இல் அறிமுகமாகி, ஒக்ஸ்போட் நகரின் கௌலித் தொழிற்சாலையில் இலட்சக்கணக்கில் உருவான இவ்வண்டியை யாழ்ப்பாணத்தில் அறியாதார் இலர். 1990 களில் பெற்றோலுக்குத் தடை வந்தபோது, சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடியவையும் இத்தகைய பழைய வண்டிகளே.

எங்களுடையது 1963 ஆம் ஆண்டு வண்டி. துரு நீக்கும் வரையில் எங்களிடையே பிணக்கு எழவில்லை. வர்ணம் என்றதும் எழுந்தது. தொழிற்சாலையிலிருந்து வந்தவாறே அனைத்தும் அமைய வேண்டும் என்பது ஒரு நண்பரின் கட்சி. எஞ்சின் பச்சையாக இருத்தல் வேண்டும், நம்முடையதோ பொன்னிறம், எனவே பிழை என்றார். ஆனால் பழுதுபார்த்து மாற்றிக் கொடுத்த எஞ்சின்களுக்கு அந்நிறுவனமே பொன்னிறம் பூசியிருந்தது. பொன்னிறம் தப்பியது. 1990 களில் மைனருக்கான தகட்டுப் பாகங்கள் இலங்கையிலே செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு வந்ததுண்டு; அத்தகைய பாகம் கிடைத்தால் அது அசலா, போலியா என்று ஒரு மாலை முழுவதும் வாதிட்டோம். (தேநீர் மூன்று முறை வந்தது.)

பெரும் வழக்கு மேனியின் நிறத்தைப் பற்றியது. வெயில் படாத கருவிப்பலகையின் உட்புறத்தை ஈரத்தாள் கொண்டு மெல்லத் தேய்த்தோம். சிவப்பு, அதன்கீழ் வெள்ளை, அதற்கும் கீழே ஆதி நிறம். "சாம்பல்" என்றோம் நாங்கள். எங்களுள் ஒருவரின் தந்தையார், பருத்தித்துறையில் இருபது ஆண்டுகள் வாடகைக்கு மைனர் ஓட்டியவர், குனிந்து பார்த்தார்.

"சாம்பலோ? இது நீலமெல்லோ தம்பியவை! நான் ஓட்டின காரின்ரை நிறம்."

கண்புரை அகற்றியபின் நீலம் கூடுதலாகத் தெரிவது இயல்பு என்று ஒருவர் எங்கள் காதில் ஓதினார். மெய்தான், ஆயினும் ஐயா வண்டி ஓட்டிய காலத்தில் அவர் கண்ணில் புரையேதுமில்லை. நிறப்பட்டியலைப் புரட்டினோம். பெயர் 'ஸ்மோக் கிறே', அதாவது புகைச்சாம்பல். குறியீடோ 'பி.யு. 15'. 'பி.யு.' என்பது அந்நிறுவனம் நீல நிறங்களுக்கு இட்ட எழுத்து! பெயரில் சாம்பல், பதிவில் நீலம். ஐயா ஒன்றும் பேசவில்லை; தகட்டை மட்டும் விரலால் தடவிக்கொண்டிருந்தார். அவருடைய வண்டி ஊரோடு போயிற்று. அதன் புகைப்படம்கூட எஞ்சவில்லை.

குறியீட்டைக் கொடுத்து இரு கடைகளில் கலந்து வாங்கினோம். இரண்டும் ஒன்றாக இல்லை. குழல்விளக்கின் கீழ் இரண்டுமே சாம்பலாகத் தெரிகின்றன. பழைய செல்லுலோசா, நச்சுப்புகை காரணமாகக் காற்றூட்டிய முகமூடி அணிந்து அடிக்க வேண்டிய புதுவகையா என்பது அடுத்த வழக்கு. அதை இன்னும் தொடங்கவில்லை. இரு தகடுகளில் இரு வர்ணங்களையும் பூசி உலரவைத்துள்ளோம். ஐயா வெளியில் வைத்துப் பார்த்துச் சொல்வார். நல்ல வெயிலுக்காகக் காத்திருக்கிறோம். இந்நாட்டில் அதற்குத்தான் பொறுமை வேண்டும்.