செகிஞ்சான் வயலுக்குப் பின்னால்

வார இறுதியில் செகிஞ்சான் போனால் நம் குடும்பங்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. பச்சை வயலில் படம், கடலோரத்தில் மீன் சாப்பாடு, திரும்பும்போது ஒரு பை அரிசி. நானும் அப்படித்தான். இந்த முறை பெஸ்தாரி ஜெயா மாமா, "வயலைப் பார்த்தது போதும்மா. தண்ணி எங்கேருந்து வருதுன்னு பாரு" என்று மோட்டாரில் ஏற்றிக்கொண்டார்.

ராஜா மூசா காட்டோரம் நின்றோம். கால்வாயில் தண்ணீர் 'தே ஓ' நிறத்தில் கிடந்தது. இலையும் மரமும் பல்லாயிரம் ஆண்டுகளாக மக்கிச் சேர்ந்த 'தானா காம்புட்' கொடுத்த நிறம். வட சிலாங்கூரில் இந்தச் சதுப்புக்காடு 70,000 ஹெக்டருக்கும் மேல். பெர்ணம் ஆற்றிலிருந்து திருப்பிவிடப்படும் நீர், இதன் ஊடாக வரும் கால்வாயில் தெங்கி ஆற்றைச் சேர்ந்து தஞ்சோங் காராங், செகிஞ்சான் வயல்களுக்குப் போகிறது. மழையைக் காடு பஞ்சுபோல் உறிஞ்சிவைத்து, வெயில் காலத்தில் மெல்லக் கசியவிடுகிறது. ஆண்டுக்கு இரண்டு போகம் விளைவதில் இந்தக் காட்டுக்கும் பங்குண்டு.

மரம் கடத்த வெட்டிய கால்வாய்கள் வழியே நீர் வடிந்தால் இதே மண் விறகாகிவிடும். மேலே அணைத்தாலும் அடியில் கனன்றுகொண்டிருக்கும். 2014 மார்ச் புகைமூட்டத்தின்போது நான் வானொலிக்குப் புதிது. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டை மணிக்கொரு முறை வாசித்தேன். வீட்டில் அம்மா மூச்சிரைப்போடு, ஜன்னலை அடைத்துவிட்டு என் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது இந்தக் காடும் எரிந்தது. மருந்துச் செலவு எங்கள் வீட்டுக் கணக்கில் விழுந்தது.

மாமாவின் கணக்கு வேறு. அவருடைய சிறு செம்பனைத் தோட்டமும் இதே மண்தான். மரங்கள் குடித்தவர்போல் சாய்ந்து நின்றன.

"ஆழமா வாய்க்கால் வெட்டினா நல்லாக் காய்க்கும்னு நெனச்சேன். தண்ணி வடிஞ்சதும் மண்ணு இறங்கிப் போச்சு. வேர் வெளியே வந்துடுச்சு."

இப்போது அதே வாய்க்காலை மண்மூட்டை போட்டுப் பாதி அடைத்திருக்கிறார். ராஜா மூசாவிலும் அதுதான் வேலை. பழைய கால்வாய்களை அடைத்து நீர்மட்டத்தை உயர்த்துகிறார்கள். எரிந்த இடங்களில் வனத்துறையினரும் ஊர்மக்களும் மகாங் மரக்கன்று நட்டிருக்கிறார்கள்.

கறுப்புத் தண்ணீரைப் படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன்.

"என்னடி இது, சாக்கடையா?"

"இல்லம்மா. நாம வாங்குற அரிசிக்குப் போற தண்ணி."