அந்த வருஷத்துப் பனி

கோயமுத்தூரில் பனிக்காலம் என்று ஒன்று உண்டா என்று கேலி செய்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. ஜனவரி விடிகாலையில் சுமார் 18 டிகிரி. இதற்குப் போய் மஃப்ளர் சுற்றி, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு பால் வாங்க நிற்பது வேடிக்கைதான். ஆனால் குளிர், டிகிரி சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் அல்ல. கிழக்கிலிருந்து பாலக்காட்டுக் கணவாயைப் பார்த்து ஓடுகிற காற்று, நடுவில் ஓட்டு வீடுகள் இருப்பதைப் பொருட்படுத்துவதில்லை. எங்கள் லைன் வீட்டில் சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. வாடை என்ற சொல்லுக்கு எனக்கு இன்னமும் அதுதான் அர்த்தம்.

பி.ஏ.யில் அமெரிக்க இலக்கியத் தாளுக்காக விட்டியரின் 'ஸ்நோ-பவுண்ட்' படித்தேன். 1866இல் வெளிவந்த நெடுங்கவிதை. பனியில் அடைபட்ட பண்ணை வீடு. கணப்பைச் சுற்றி உட்கார்ந்து கதை சொல்லும் குடும்பம். வகுப்பில் மற்றவர்களுக்குத் தூக்கம் வந்தது. எனக்கோ, இது எங்கள் வீட்டில் நடந்ததுதானே என்று பட்டது. நடந்தது 1997 கார்த்திகை நடுவிலிருந்து 1998 மாசி பிறக்கும் வரை. எனக்கு வயது 9. நான் அனுபவித்ததில் ஆகச் சந்தோஷமான பனிக்காலம் அது என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்கு ஒரு பவுண்டரியில் வேலை. எப்போதும் இரண்டாவது ஷிப்ட். ராத்திரி அவர் சைக்கிளைத் திண்ணையில் ஏற்றும் சத்தம் தூக்கத்தில் கேட்கும். காலையில் நான் பள்ளிக்கூடம் கிளம்பும்போது அவர் முகம் சுவர்ப்பக்கம் திரும்பியிருக்கும். அந்தக் கார்த்திகையில் இரண்டாவது ஷிப்டை நிறுத்திவிட்டார்கள். பொழுது சாயும்போதே அப்பா வீட்டில் இருந்தார். இருட்டினால் யாரும் வெளியே போகக்கூடாது. தாழ்ப்பாள் போட்டது போதாமல், அம்மா குழவிக்கல்லை உருட்டி வந்து கதவுக்கு முட்டுக் கொடுப்பாள்.

உள்ளே கொள்ளு ரசம். அரிசிம்பருப்பு சாதத்தின் சூடு. ஆத்தா முறத்தில் நிலக்கடலை உரித்துக்கொண்டிருப்பாள். சாப்பிட்டானதும் சிமெண்டுத் தரையில் தாயக்கட்டம் வரைவது அப்பாவின் வேலை. ஆத்தாவுக்குப் புளியங்கொட்டை, எனக்கு உடைந்த வளையல் துண்டு, அம்மாவுக்குக் கூழாங்கல், அப்பாவுக்குச் சட்டைப் பொத்தான். அப்பா சுத்த அழுகுணி. நாலு விழுந்தால் ஐந்து நகர்த்துவார்; பிடித்துக்கொண்டால் கட்டத்தையே குறை சொல்வார். "ஏண்டா, பொறந்ததுலிருந்தே உனக்குப் பொய்யாட்டந்தானா?" என்று ஆத்தா கட்டையைப் பிடுங்கிக்கொள்வாள். அப்பா சிரிப்பார். அவர் சிரிக்கக்கூடியவர் என்பது எனக்கு அந்தப் பனியில்தான் தெரிந்தது.

வெளியே நடந்ததை இப்போது எல்லோரும் அறிவார்கள். 1997 நவம்பர் 29 அன்று நகரத்தில் ஒரு போலீஸ்காரர் கொலை செய்யப்பட்டார். அடுத்து வந்த நாட்களின் கலவரத்திலும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் இறந்தார்கள். முஸ்லிம்களின் கடைகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. 1998 பிப்ரவரி 14 அன்று ஊரெங்கும் குண்டுகள் வெடித்தன. 58 பேர் இறந்தார்கள். இந்த எண்கள் நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டவை. ஞாபகத்தில் இருப்பது கொள்ளு ரசத்தின் மணம். இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. எழுதாமல் விட்டால் அந்தப் பனிக்காலம் விட்டியர் கவிதையாகவே நின்றுவிடும்.

என்னை அதிலிருந்து வெளியே இழுத்தது நெடுநல்வாடை. நக்கீரர் பாடிய 188 அடிகள். குளிர்காலத்து வீட்டைப் பற்றித் தமிழில் இதைவிடத் துல்லியமாக எழுதப்பட்டிருப்பதாக எனக்குத் தெரியவில்லை. வாய் குறுகிய குடத்துத் தண்ணீரைச் சீந்துவாரில்லை. விசிறி சும்மா தொங்குகிறது. சனங்கள் கங்குச் சட்டியில் குளிர் காய்கிறார்கள். பொழுது இரவா பகலா என்று தெரியாத புறா, பலகையில் கால் மாற்றி மாற்றி உட்கார்ந்திருக்கிறது. அரண்மனைக் கட்டிலில் அரசி தூங்காமல் இருக்கிறாள். கவிதை அங்கேயே முடிந்திருக்கலாம். முடியவில்லை. கடைசியில் நம்மைப் பாசறைக்குக் கொண்டுபோய், அதே வாடையில் நள்ளிரவில் காயம்பட்ட வீரர்களைப் பார்த்து நடக்கிற அரசனோடு விட்டுவிடுகிறது.

இது அகமா புறமா என்பது பழைய வழக்கு. அரசன் பெயரைக் கவிதை சொல்வதில்லை. ஆனால் ஒரு வேலின் தலையில் வேம்பு சூட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியனுடைய அடையாளம். ஆகவே இது புறம் என்றார் நச்சினார்க்கினியர். கல்லூரி நாட்களில் இதை உரையாசிரியரின் பிடிவாதம் என்று நினைத்தேன். இவ்வளவு பெரிய கவிதையை ஒரு கொத்து வேம்பு இடம் மாற்றிவிடுமா?

எங்கள் தாயக்கட்டத்தை அப்பா வரைந்தது சாதாரணச் சாக்பீஸால் அல்ல. தட்டையான நீலக்கட்டி; துணியில் அளவுக் கோடு போடுவது. லைனின் கடைசி வீட்டுத் தையல்கார பாய், தேய்ந்துபோன துண்டுகளை எனக்குக் கொடுப்பது வழக்கம். நவம்பர் முடிவிலேயே அந்த வீட்டில் பூட்டு விழுந்துவிட்டது. மார்கழி தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சிப்பொழுதில், இன்னொரு ஆளோடு தள்ளுவண்டி கொண்டுவந்து மிஷினை ஏற்றினார். பிறகு எங்கள் வாசலுக்கு வந்தார். பொங்கலுக்கு எனக்குத் தைக்கக் கொடுத்திருந்த சட்டைத்துணி, செய்தித்தாளில் சுற்றிக் கையில் இருந்தது. "வெட்டி வெச்சுட்டனுங்கக்கா. வேற யாருகிட்டயாவது குடுத்துத் தெச்சுக்குங்க" என்றார். அம்மா "செரிங்க பாய்" என்று வாங்கிக்கொண்டாள். அப்பா வீட்டில்தான் இருந்தார். கதவுக்குப் பின்னால், வேட்டியை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். வண்டி சந்து திரும்பும் வரைக்கும் வெளியே வரவில்லை.

யார் வாசலுக்கு வந்தாலும் "ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போங்க" என்று சொல்லாமல் அனுப்புகிறவள் அல்ல அம்மா. அன்றைக்குச் சொல்லவில்லை. சாயங்காலம் தரையில் கோடுகள் அழிந்திருந்தன. அப்பா நீலக்கட்டியை எடுத்து, கோணாமல், நிதானமாக மறுபடி வரைந்தார். ஆத்தாவுக்கு முதல் உருட்டிலேயே தாயம் விழுந்தது.

பாய் திரும்பி வரவில்லை. பங்குனியில் அந்த வீட்டுக்கு வேறு குடித்தனம் வந்தது. பொங்கல் சட்டையை வேறு ஒருவர் தைத்தார். தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. பிப்ரவரிக்குப் பிறகு எப்போதோ அப்பாவுக்கு ஷிப்ட் மாறியது. மறுபடியும் திண்ணையில் சைக்கிள் சத்தம். அப்பா இப்போது இல்லை. அவரிடம் இதைக் கேட்டதில்லை.

போன மார்கழியில் அம்மாவிடம் கேட்டேன்: "அன்னிக்கு பாய்க்கு ஏம்மா காப்பி குடுக்கல?"

எந்த பாய், எந்த நாள் என்று அவள் கேட்கவில்லை. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள், தலை நிமிராமலே சொன்னாள்: "பாலு இல்ல கண்ணு."

உச்சிப்பொழுது. இல்லாமலும் இருந்திருக்கலாம்.