இழுவை குறைந்த வண்டி

அடியோடு நின்றுபோன வண்டியைக் காட்டிலும், ஓடிக்கொண்டே நாளுக்கு நாள் பலம் குன்றிவரும் பழைய வண்டிதான் சொந்தக்காரருக்கு அதிகக் கவலையைத் தருவது. நின்ற வண்டி தன் குறையைப் பெரும்பாலும் அங்கேயே காட்டிக் கொடுத்துவிடும். பலம் குன்றிய பிக்கப் வண்டியோ, வெறும் பெட்டியுடன் சமதளத்தில் போகும்போது ஒரு குறையுமின்றி ஓடி, ஒரு டன் உரமூட்டைகளைச் சுமந்துகொண்டு மலைப்பாதையில் ஏறத் தொடங்கியதும், ஆக்ஸிலேட்டரை அடிவரை அழுத்தினாலும் வேகம் கொடாமல், முன்பெல்லாம் இரண்டாம் கியரில் ஏறிய வளைவை முதல் கியரில் ஏறவும் தயங்கி, மறுநாள் பட்டறை வாசலில் நிறுத்தினால் சாதுவாக நின்றுகொண்டு, ஓட்டியவன் சொன்னதையெல்லாம் பொய்போல ஆக்கிவிடுகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு, பர்லியார், குன்னூர் வழியாக உதகைக்கு ஏறும் சாலையில் அரிசியும் உரமும் மளிகையும் மேலே கொண்டுபோய், காரட்டும் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் கீழே கொண்டுவந்து ஜீவனம் செய்கிறவர்களுக்கு இந்தச் சங்கடம் நன்றாகத் தெரியும். இழுவை குறைந்தால் அவர்களுக்கு நேரம் போகும், டீசல் போகும், மண்டி ஏலத்துக்குச் சரக்கு பிந்தினால் விலையும் போகும்.

இழுவை எங்கே பிறக்கிறது என்பதைச் சற்றுச் சிந்தித்தால், அது குறைவதற்கு இத்தனை வழிகள் இருப்பது வியப்பாகத் தோன்றாது. 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்தில் ருடால்ஃப் டீசல் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய இயந்திரத்தின் வழிவந்த எஞ்சின்களில் தீப்பொறி உண்டாக்கும் பிளக் கிடையாது. உள்ளே இழுத்த காற்றை ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்க, அக்காற்று 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேற, அந்தக் கணத்தில் நாசில் பீச்சும் டீசல் தானாகவே பற்றி எரிகிறது. நிமிஷத்துக்கு 3000 சுற்றுச் சுற்றும் நான்கு சிலிண்டர் எஞ்சினில் இந்தக் காரியம் விநாடிக்கு நூறு முறை நிகழவேண்டும். ஒரு லிட்டர் டீசல் சரிவர எரிவதற்கு ஏறத்தாழ பத்தாயிரம் லிட்டர் காற்று வேண்டும். ஆகவே காற்று உள்ளே வரும் வழி, டீசல் வரும் வழி, காற்றை நெருக்கும் பிஸ்டன் ரிங்குகளும் வால்வுகளும், எரிந்த புகை வெளியேறும் சைலன்சர் ஆகிய இவற்றில் ஏதொன்று கெட்டாலும் பலம் குன்றும். இவையெல்லாம் செம்மையாக இருந்து, கிளட்ச் பிளேட் வழுக்கினாலோ, பிரேக் ஷூ டிரம்மை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாலோ, எஞ்சின் ஈன்ற பலம் சக்கரத்தை அடையாமல் வழியிலேயே விரயமாகும்.

மலையில் புகை தெரிவதைக் கொண்டு அங்கே நெருப்பு உண்டென்று அனுமானிப்பதையும், அதற்கு அடுக்களையை உதாரணம் காட்டுவதையும் மணிமேகலையில் அறவண அடிகள் அளவை இலக்கணம் உரைக்குமிடத்தில் காண்கிறோம். தர்க்க நூலார் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டு வந்த அந்த உதாரணம் டீசல் வண்டிக்குப் பொருந்துவதுபோல வேறெதற்கும் பொருந்துமென்று எனக்குத் தோன்றவில்லை. கரும்புகை தள்ளினால், வந்து சேர்ந்த காற்றுக்கு டீசல் அதிகம் என்று பொருள்: ஏர் கிளீனர் அடைத்திருக்கலாம், நாசில் பொடியாகத் தெளிக்காமல் ஒழுக விடலாம், டர்போ உள்ள வண்டியானால் அதன் ரப்பர் குழாய் எங்கேனும் விரிந்திருக்கலாம். நீலம் பாய்ந்த புகை, எஞ்சின் ஆயில் சிலிண்டருக்குள் புகுந்து எரிவதைச் சொல்லும். நன்றாகச் சூடேறிய எஞ்சினிலும் வெண்புகை நில்லாதிருந்தால், டீசல் எரியாமலே வெளியேறுகிறது, அல்லது ஹெட் காஸ்கெட் வழியாகத் தண்ணீர் உள்ளே போகிறது என்று சந்தேகிக்கலாம். ஆனால் புகையைக் காண்பதும், கண்டதைக் கொண்டு கருதுவதும் மட்டும் போதா. காண்டல், கருதல், உரை என்று நம் பெரியோர் எண்ணிய மூன்று அளவைகளுள் மூன்றாவதாகிய உரையும் இங்கே வேண்டும். ஓட்டியவன் சொல்வதே அந்த உரை. பட்டறைகளில் இன்று மிகவும் அலட்சியப்படுத்தப்படுவது அதுதான் என்பது என் திடமான அபிப்பிராயம்.

என் மைத்துனரின் பழைய பிக்கப் வண்டி இவ்வாறு மேட்டில் திணறத் தொடங்கியபோது, ஏர் கிளீனரும் டீசல் ஃபில்டரும் மாற்றப்பட்டன, குணமில்லை. வண்டியைப் பார்த்த ஒரு பட்டறையில், ஓட்டும் பையனை ஒரு வார்த்தையும் கேளாமல், டீசல் பம்பையும் நாசில்களையும் கழற்றி அனுப்பவேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். செலவைக் கேட்டு மைத்துனர் தயங்கவே, வயதில் முதிர்ந்த மற்றொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். அவர் ஸ்பானரைக் கையில் எடுக்கவில்லை. டீ சொல்லிவிட்டு, பையனை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு கேட்கத் தொடங்கினார்.

“ஒரே நாள்ல வந்துச்சா தம்பி, கொஞ்சங் கொஞ்சமா வந்துச்சா?”

“கொஞ்சங் கொஞ்சமாத்தானுங்கண்ணா. மழைக்கு முன்னால நல்லாத்தான் இருந்துச்சுங்க.”

“நிறுத்திட்டு எடுத்தா?”

“பத்து நிமிசம் நிறுத்தி எடுத்தா, கொஞ்ச தூரம் பழையபடி இழுக்குதுங்க. அப்புறம் மறுக்காவும் அதே கதைதானுங்க.”

“கரும்பொகை தள்ளுதா?”

“பொகையே இல்லீங்கண்ணா.”

இந்தக் கடைசி விடையைக் கேட்டு அவர் தலையசைத்ததன் தாத்பரியம் எனக்குப் பிறகுதான் விளங்கிற்று. இன்மையும் ஓர் அளவையென்று கொண்ட தர்க்க நூலார் உண்டு. பாரமேற்றிய பழைய டீசல் எஞ்சின் ஆக்ஸிலேட்டரை அடிவரை அழுத்தியும் சிறிதளவேனும் கருமை காட்டாமற்போனால், காற்று குறையவில்லை, டீசல்தான் குறைகிறது என்று கொள்வதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுவதில்லை. உயரத்தின்மேலும் பழி போட இடமில்லை. 2240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவானபடியால் டர்போ இல்லாத வண்டி அங்கே சற்றுச் சோர்வது இயற்கையே. இந்த வண்டியோ கல்லாறு தாண்டிய முதல் ஏற்றத்திலேயே சோர்ந்தது. நிறுத்தி எடுத்தால் தேறுவதும், கம்ப்ரஷன் போன எஞ்சினின் லட்சணம் அன்று. தேய்ந்த ரிங்குகள் பத்து நிமிஷ ஓய்வில் வளர்ந்துவிடுவதில்லை.

அதற்குப் பிறகே அவர் எழுந்தார். ஒருவரை ஆக்ஸிலேட்டரை முழுவதும் மிதிக்கச் சொல்லி, பம்பிலுள்ள லீவர் தன் எல்லை வரை போகிறதா என்று குனிந்து பார்த்தார். கேபிள் தளர்ந்து, லீவர் முக்கால்வாசியே திறக்கும் வண்டிகளுக்குப் பம்ப் வேலை பார்த்தவர்களை அவர் அறிவாராம். சற்றுத் தூரம் ஓட்டிவரச் செய்து, நான்கு சக்கரங்களின் டிரம்களருகே கையைக் கொண்டுபோய், ஏதாவதொன்று மட்டும் அதிகச் சூடாயிருக்கிறதா என்று பார்த்தார். டேங்க் மூடியைத் திறந்து, காற்று உறிஞ்சப்படும் ஓசை கேட்கிறதா என்று காது கொடுத்தார். மூடியிலுள்ள சிறு துவாரம் அடைத்துவிட்டாலும், டேங்கினுள் வெற்றிடம் உண்டாகி டீசல் வராமல் தடைப்படுமல்லவா? எங்கும் குறையில்லை. இவ்வளவுக்கும் ஒரு காசு செலவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும்.

பிறகு செய்ததுதான் பிரதானமான பரீட்சை. சுத்தமான டீசல் நிறைந்த கேன் ஒன்றைப் பெட்டியில் அசையாதபடி கட்டி, அதிலிருந்து புதிய குழாய் ஒன்றை, டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சும் ஃபீட் பம்புக்கு நேரே கொடுத்து, திரும்பிவரும் டீசலையும் அதே கேனுக்குள் விட்டு, பழைய டேங்கையும் அதன் குழாய்களையும் விலக்கிவைத்தார். மூட்டைகளை இறக்கலாமா என்று பையன் கேட்டதற்கு, “பாரம் இருந்தாத்தான் தம்பி நோவு தெரியும்” என்று மறுத்துவிட்டார். பாரத்தோடு பர்லியார் வரை ஏறினோம். வண்டி ஓரிடத்திலும் திணறவில்லை. பம்பும் நாசில்களும் நிரபராதிகள் என்பது இப்படி நிரூபணமாயிற்று. குற்றவாளி டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் இடையிலுள்ள சில அடி தூரத்தில் எங்கோ ஒளிந்திருந்தான்.

டேங்கினுள் இருக்கும் சல்லடை சுத்தமாகவே இருந்தது. அதையடுத்த ரப்பர் குழாயை நீளவாக்கில் அறுத்தபோது விஷயம் வெளிப்பட்டது. வெளியே பளபளப்பாக, கைக்கு உறுதியாக இருந்த அக்குழாயின் உட்பக்கத் தோல் டீசலில் ஊறிப் பிரிந்து, உறிஞ்சும் வேகம் மிகும்போதெல்லாம் உட்புறமாக மடிந்து வழியை அடைத்து, உறிஞ்சுதல் நின்றதும் மெல்ல விலகி வழி விட்டிருக்கிறது. சமதளத்தில் எஞ்சினுக்கு வேண்டிய டீசல் சொற்பம். அது எப்படியோ கசிந்து வந்துவிட்டது. ஏற்றத்தில் தேவை பெருகப் பெருக அடைப்பும் பெருகிற்று. பையன் சொன்ன ஒவ்வொரு சொல்லும், மேட்டில் மட்டும் என்றதும், நிறுத்தினால் தேறும் என்றதும், புகை இல்லை என்றதும், அந்த ஒரு முழக் குழாயைத்தான் சுட்டிக்காட்டிக் கொண்டிருந்தன.

பிரித்துப் பார்ப்பது தவறென்று நான் சொல்லவரவில்லை. கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு இளமையில் ஆங்கில அதிகாரி ஒருவரிடமிருந்து வாங்கிய மோட்டார் சைக்கிளைப் பாகம் பாகமாகக் கழற்றி மாட்டியே தொழில் கற்றார் என்பது பிரசித்தம். அவர் 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தம் பஸ்ஸை ஓட்டத் தொடங்கிய நாள் முதல் அந்தச் சீமையில் எத்தனையோ பேர் கழற்றிக் கழற்றியே தேர்ந்தார்கள். ஆயினும் கற்பதற்காகப் பிரிப்பது வேறு, நோய் தெரியாமையினால் பிரிப்பது வேறு. 1927-இல் பாஷ் நிறுவனத்தார் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்த வகையைச் சேர்ந்த டீசல் பம்பினுள், பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கேயாகும். அவ்வளவு நுட்பமான பொருளை, தூசி பறக்கும் முற்றத்தில் சந்தேகத்தின் பேரில் திறப்பதனால், இல்லாத நோயை உண்டாக்கி அனுப்புவது எளிதில் நேர்ந்துவிடும். புதிய காமன் ரெயில் வண்டிகளாவது தம் கம்ப்யூட்டரில் ஏதேனும் குறிப்பை எழுதிவைக்கின்றன; பழைய பிக்கப்புக்கு அந்த வசதி இல்லாதபடியால், தினமும் அதன் ஸ்டீயரிங்கைப் பிடிக்கிறவனுடைய ஞாபகமே அதன் நோய்க்குறிப்பேடு.

ஆகையினால் இத்தகைய வண்டி வைத்திருப்பவர்களைக் கேட்டுக்கொள்வது ஒன்றுண்டு: இழுவை குறைந்தால் சாவியை மட்டும் பட்டறையில் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். ஓட்டுகிற பையனையே உடன் அனுப்புங்கள். அவன் சொல்லி முடிக்கும்வரை மெக்கானிக் கேட்கட்டும். பம்பில் கை வைப்பதற்கு முன் பாரத்தோடு ஒருமுறை கேன் கட்டி ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.