பேரேடு எழுதும் கை
யார் கைக்கும் அடங்காத பணம் என்றே பிட்காயின் 2009 இல் நடமாட வந்தது. கடன்கொடுத்துப் பழகிய நாமோ, பேரேட்டை எழுதும் கை எவருடையது என்பதைத்தான் முதலில் நோக்குவோம். இப்பேரேட்டில் புதிய பக்கம் எழுதும் உரிமை கணினி வலிமைக்கேற்பக் கிட்டுவது. தனியொருவருக்கு அது வாய்ப்பது அரிதாகையால், பலர் கூட்டுச் சேர்ந்து வருவாயைப் பங்கிட்டனர். எழுதுகோல் கூட்டின் நிர்வாகியிடம் போயிற்று. 2014 ஜூனில் ஜிஹாஷ் என்ற ஒரே கூட்டு மொத்த வலிமையில் பாதியை எட்டியது. பாதியைக் கடந்தவர் பிறர் பணத்தைக் கவர இயலாது. ஆனால் தாம் கொடுத்ததைக் கொடாததாக ஏட்டைத் திருத்தலாம். அஞ்சிப் பலர் விலகினர். 40 விழுக்காட்டைத் தாண்டுவதில்லையெனக் கூட்டும் வாக்களித்தது. ஒருவர் வாக்கை நம்பியே வாழ்வதாயின் வங்கியை விட்டு வந்தது எதற்கோ! எதீரியம் கிளாசிக் என்னும் சிறிய வலையில் அத்தகைய திருத்தம் 2020 ஆகஸ்டில் நடந்தே விட்டது.