பொத்தானை அழுத்தாத கை

புதுச்சேரியின் வழுதாவூர் சாலையில் தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையைக் கடந்து போகிறவர்களுக்குக் கடைசல் பட்டறைகளின் இரைச்சலும், இரும்புத் தூளோடு கலந்த எண்ணெயின் வாசனையும் பழக்கமானவை. ஆனால் அந்தப் பட்டறைகளில் செய்யப்படும் ஒவ்வொரு அச்சின் அளவும், ஒவ்வொரு பில்லும், தொழிலாளரின் சம்பளக் கணக்கும் இன்று ஏதோ ஒரு மேஜைக்கடியில் தூசி படிந்து நிற்கும் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் அடங்கியிருக்கின்றன என்பதும், அந்தப் பெட்டி ஒரு நாள் காலை பொத்தானை அழுத்தியும் விழிக்காமல் போனால் பட்டறையின் பாதிப் பிராணன் போய்விடும் என்பதும் அநுபவித்தவர்களுக்கே தெரியும். அத்தகைய பெட்டிகளைப் பழுது பார்க்கும் ஒரு கடையில் சென்ற மாதம் இரண்டு நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். தட்டாஞ்சாவடி என்ற ஊர்ப்பெயரிலேயே தட்டார் இருக்கிறார்கள். நெற்றியில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நுனி கூரிய இடுக்கியால் பச்சைப் பலகை மேலிருந்து கடுகளவு உறுப்பு ஒன்றைக் கிள்ளியெடுத்த மெக்கானிக்கைப் பார்த்தபோது, அந்தப் பெயர் இன்னும் வேலை செய்துகொண்டிருப்பதாகவே எனக்குப் பட்டது.

முதல் நாள் பத்து மணி சுமாருக்கு, பிளாஸ்டிக் சாமான்களுக்கு அச்சு செய்யும் பட்டறை ஒன்றில் கணக்கு எழுதும் அம்மாள் ஒருவர் ஆட்டோவில் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினார்.

“நேத்து சாயந்திரம் வரைக்கும் நல்லா ஓடிச்சு தம்பி. காலையில சுத்தமா டெட்டு.”

மெக்கானிக் பெட்டியைத் தொடவில்லை. “எத்தனை தடவ ஆன் பண்ணிப் பாத்தீங்க அக்கா?” என்றார்.

“ஒரு பத்துத் தடவ இருக்கும்.”

“உள்ள என்னா இருக்குது?”

“பதினோரு வருஷத்து டிராயிங் பூரா.”

“வேற எங்கயாவது காப்பி?”

அம்மாள் பதில் சொல்லவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

பெட்டி ஓடுமா ஓடாதா என்பதே கொண்டுவருகிறவர்களின் கேள்வி. உள்ளே இருப்பது என்ன என்பதே அவருடைய கேள்வி. பெட்டிக்குப் பதில் பெட்டி அங்காடியில் கிடைக்கும் என்பதையும், உள்ளிருப்பதற்குப் பதில் எங்கும் கிடைக்காது என்பதையும் இருபது வருஷத் தொழில் அவருக்குக் கற்பித்திருக்கிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கருகில் கரை கடந்து, ஏறக்குறைய அரை மீட்டர் மழையைக் கொட்டித் தாழ்ந்த தெருக்களையெல்லாம் மூழ்கடித்தபின், இந்தக் கடைக்கு வந்த பெட்டிகளின் கதையை அவர் சொன்னார். “தண்ணியில நனஞ்சது பாதியக் கெடுத்துது ஐயா. ஓடுதா பாக்கலாம்னு ஈரத்தோட சுவிட்சு போட்டது மீதியக் கெடுத்துது.” நனைந்த பலகை உலர்ந்தபின் பெரும்பாலும் கழுவித் தேற்றத்தக்கது, ஈரத்தோடு மின்சாரம் பாய்ந்துவிட்டாலோ, செம்புத் தடங்கள் அரித்தும் கருகியும் போய்விடுகின்றன. சும்மா ஒரு முறை போட்டுப் பார்ப்போம் என்ற மனித சுபாவத்தை அடக்கி ஆளுவதுதான் இந்த வித்தையின் முதற்பாடம் என்று அன்றே எனக்குப் புரிந்தது.

பெட்டியைத் திறந்ததும் அவர் செய்த முதற்காரியம் ஹார்ட் டிஸ்க்கின் இரண்டு ஒயர்களையும் கழற்றியதுதான். இன்னும் குற்றவாளி யார் என்று தெரியாத நிலையில், மின்சாரம் ஊட்டும் உறுப்பே கெட்டிருந்தால் அது டிஸ்க்கையும் சேர்த்து அழித்துவிடக்கூடும் அல்லவா? பிறகு கிரமமாக விசாரணை தொடங்கியது. பெட்டியோடு வந்த பவர் கார்டை நல்ல பெட்டி ஒன்றில் செருகிப் பார்த்தார், அது குற்றமற்றது. முகப்புப் பொத்தானிலிருந்து மதர்போர்டுக்கு வரும் மெல்லிய ஒயரைப் பிடுங்கிவிட்டு, அந்த இரண்டு ஊசிகளையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டார். பொத்தான் செய்வது அவ்வளவுதான். ஒன்றும் அசையவில்லை. ஆகவே பொத்தானும் குற்றமற்றது.

அடுத்து எஸ்.எம்.பி.எஸ். என்று எல்லோரும் சொல்கிற தகரப் பெட்டி. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை வாங்கி 12, 5, 3.3 வோல்ட்டுகளாகப் பகிர்ந்து கொடுக்கும் பண்டசாலை அது. அதன் இருபத்து நான்கு துளைக் கொண்டையில் பச்சை ஒயர் ஒன்றே ஒன்று. அதைப் பக்கத்துக் கறுப்பு ஒயரோடு ஒரு காகித கிளிப்பால் இணைத்தால், மதர்போர்டின் உதவியில்லாமலே எஸ்.எம்.பி.எஸ். ஓடத் தொடங்க வேண்டும். சுமையில்லாமல் சில ஓட மறுக்குமாதலால், ஒரு பழைய சி.டி. டிரைவை அதற்குச் சுமையாக மாட்டிவிட்டுக் கிளிப்பைச் செருகினார். விசிறி அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. ஊதா ஒயரில் மல்டிமீட்டரை வைத்தார். பெட்டி அணைந்திருக்கும்போதும் பிளக் செருகியிருக்கிற வரையில் அங்கே 5 வோல்ட் காத்திருக்க வேண்டும், நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் ஏறவோ குறையவோ கூடாது. மீட்டர் 3.9 காட்டியது. காவலாளே தள்ளாடினால் வீட்டாரை யார் எழுப்புவது!

பிளக்கைப் பிடுங்கி, வெகு நேரம் காத்திருந்து, பிறகே தகர மூடியைக் கழற்றினார். உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் தங்கியிருந்து, அணைத்த பிறகும் உயிரை வாங்கவல்லது. அதன் பக்கத்திலிருந்த சிறு கெப்பாசிட்டர் ஒன்று, உச்சி உப்பி, விளிம்பில் பழுப்புப் பொருக்கோடு நின்றது. “இதான் ஐயா,” என்று காட்டினார். வருஷக்கணக்கான உஷ்ணத்தில் உள்ளிருந்த ரசம் வற்றிப்போனதன் அடையாளம் அது. கடலோரத்துக் காற்றும் தன் பங்கைச் செய்திருந்தது. ராம் பலகையின் பொன்முலாம் பற்களில் பச்சைக் களிம்பு ஏறியிருந்ததை, பள்ளிக்கூடத்து ரப்பரால் அவர் மெல்லத் தேய்த்தெடுத்தார். வேறு எஸ்.எம்.பி.எஸ். ஒன்றைப் பொருத்தியதும் பெட்டி ஒரு முறை ‘பீப்’ என்றது. திரையில் வெளிச்சம் வந்தது. அம்மாள் எழுந்துவிட்டார்.

“இருங்க அக்கா. இனிமேதான் வேலையே.”

ஹார்ட் டிஸ்க்கை அதே பெட்டியில் மாட்டி விண்டோஸை எழுப்பிவிட எவரும் ஆசைப்படுவார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. விண்டோஸ் எழுந்திருக்கும்போதே டிஸ்க்கில் எதையாவது எழுதத் தொடங்கிவிடும். டிஸ்க்கைத் தம்முடைய லினக்ஸ் யந்திரத்தில் மாட்டி, அதன் ‘ஸ்மார்ட்’ குறிப்பை மட்டும் கேட்டார். ஒவ்வொரு டிஸ்க்கும் தன் தேகஸ்திதியைத் தானே குறித்துவரும் நாட்குறிப்பு அது. ஐந்தாம் எண், கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டார்களின், அதாவது டிஸ்க்கின் சிறு துண்டுகளின், கணக்கு. 197-ஆம் எண், படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டார்களின் கணக்கு. அந்த 197-க்கு நேரே 24 என்றிருந்தது. அவர் முகம் மாறியதை நான் கவனித்தேன்.

1956-இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் டிஸ்க் யந்திரத்தில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் சுழன்று ஐம்பது லட்சம் எழுத்துகளைத் தாங்கின. இன்று உள்ளங்கையில் அடங்கும் டிஸ்க்கில் தட்டு நிமிஷத்துக்கு 7200 முறை சுழல, மயிரிழையின் கனத்தில் பல்லாயிரத்தில் ஒரு பங்கேயான உயரத்தில் படிக்கும் முள் பறக்கிறது. பத்து முறை ஆன் செய்து பார்த்தபோது அந்த முள் என்ன பாடுபட்டிருக்கும்! 2007-இல் கூகிள் ஸ்தாபனத்தின் ஆராய்ச்சியாளர் மூவர் லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து, சோதனையில் முதற்பிழை தோன்றிய டிஸ்க் அடுத்த அறுபது நாட்களுக்குள் சாகும் வாய்ப்பு மற்றவற்றினும் 39 மடங்கு என்று கண்டார்கள். செத்த டிஸ்க்குகளில் பாதிக்கு மேற்பட்டவை முக்கியமான அறிகுறி எதையும் காட்டாமலே செத்தன என்பதையும் அவர்களே எழுதினார்கள். ஆகையால் குறிப்பு கெட்டிருந்தால் நம்பலாம். நன்றாயிருந்தால் நம்பி இருந்துவிடக்கூடாது.

“முழு டெஸ்ட் போட்டுப் பார்க்கலாமே தம்பி?” என்று கேட்டேன்.

“டெஸ்ட் போட்டா டெஸ்ட்லயே போயிடும் ஐயா. மொதல்ல காப்பி.”

புதிய டிஸ்க் ஒன்றை மாட்டி, ‘டிடிரெஸ்க்யூ’ என்னும் புரோகிராமை ஓட்டினார். நல்ல பகுதிகளையெல்லாம் முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கிற இடங்களை ஒரு படத்தில் குறித்துவைத்து, கடைசியில் திரும்பி வந்து சிறுகச் சிறுகச் சுரண்டியெடுக்கிற புத்தி அதற்கு உண்டு. இதே ஊரில், 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில், ஆயிரக்கணக்கான சைவ ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் அவை இடம்பெற்றன. ஓலை பொடிந்துபோகுமுன் புது ஓலையில் பெயர்த்தெழுதிய, பெயர் தெரியாத எத்தனையோ கைகளால்தான் அவற்றிலுள்ளவை நம் காலம் வரையில் வந்து சேர்ந்தன. திரையில் நூற்று வீதம் மெல்ல ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தக் கைகளின் ஞாபகமே எனக்கு வந்தது.

மறுநாள் காலை நான் போனபோது காப்பி முடிந்திருந்தது. பதினாறு செக்டார்கள் மட்டும் கடைசிவரை வாய் திறக்கவில்லை. பழைய டிஸ்க்கில் ஒட்டிய தாளில் ‘போடாதே’ என்று எழுதி அலமாரியில் வைத்திருந்தார். அம்மாள் வந்து புது டிஸ்க்கிலிருந்து டிராயிங்குகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். மூடி அச்சு ஒன்றின் படம் மட்டும் திறக்கவில்லை. வெளியே போய் முதலாளியோடு போனில் பேசிவிட்டுத் திரும்பினார்.

“அந்த அச்சு பரண்மேலதான் இருக்குதாம் தம்பி. இறக்கி, வெர்னியர் வச்சு அளந்துக்கலாம்னு சொல்றாரு.”

“அளந்தத ரெண்டு எடத்துல வைக்கச் சொல்லுங்க அக்கா,” என்று சொல்லி, மெக்கானிக் அடுத்த பெட்டியை மேஜைமேல் தூக்கி வைத்தார்.